பன்னிரண்டாயிரம் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் மண்டபம். பி.காம். முடித்துவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். இங்கிலீஷ் எழுதுவேன், வாசித்தால் புரியும். ஆனால் போனில் பேசினால் வடக்கே இருந்து கூப்பிடுகிறவர்கள் "வாட்? வாட்?" என்கிறார்கள். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மூன்று மாதத்துக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்ம்மா. இப்படி போர்டு மாட்டிய பல இடங்களில் நடப்பது கிராமர் வகுப்புதான். டென்ஸ், பேசிவ் வாய்ஸ், ஒரு ஸ்பைரல் நோட்டு. உங்களுக்குத்தான் எழுத வருகிறதே! நீங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, "இந்த இடத்தில் தப்புகிறது" என்று சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும். ஒரு டெமோ வகுப்பில் போய் உட்காருங்கள். ஒவ்வொருவரையும் பேசவைத்துத் திருத்தினால் சேரலாம், நாற்பது பேரை உட்காரவைத்து வாத்தியார் மட்டுமே பேசினால் எழுந்து வந்துவிடலாம். அமெரிக்கன் ஆக்ஸென்ட் சொல்லித் தருகிறோம் என்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம், லக்னோவிலிருந்து ரூம் கேட்கிறவருக்கு அது எதற்கு? அப்துல் கலாம் கடைசிவரை நம் தமிழ் வாடையோடுதான் இங்கிலீஷ் பேசினார். வாடை இருக்கட்டும், ஒரு வார்த்தை இன்னொன்றாகக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் நாள் முழுக்கச் சொல்லும் "டெம்பிள்" இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப' தானாகவே மெத்தென்று ஆகிவிடும், தம்பி, பாம்பன் என்று சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் டெம்பிளையும் சொல்லிவிடுகிறோம். அங்கே வரவேண்டியது 'அப்பா'வில் வருகிற ப. "டெம்" என்று உதட்டை மூடி ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் வெடித்துத் திறங்கள். "ஃபேன்", "ஃபேமிலி ரூம்" சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டவே கூடாது. மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட, காற்று மட்டும் போகவேண்டும். இல்லையென்றால் ஃபேன் உள்ள ரூம் பேன் உள்ள ரூமாகிவிடும்!

அடுத்தது அழுத்தம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் குழம்புவது இதனால்தான். பதினைந்துக்குப் பின்பாதியை அழுத்தி நீட்டவேண்டும், ஐம்பதுக்கு முன்பாதியை அழுத்தி 'டி'யைச் சட்டென்று விட்டுவிடவேண்டும். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். ஹோட்டல் என்பதற்கே அழுத்தம் பின்பாதியில்தான்.

கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம், வார்த்தைக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் பொத்தான் இருக்கும். வேலையில் அடிக்கடி வரும் வார்த்தைகளை எழுதிவைத்து தினம் மூன்று நான்கு கேளுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் '6 மினிட் இங்கிலீஷ்' எழுத்து வடிவத்தோடு கிடைக்கிறது. பஸ்ஸில் போகும்போது கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் ஒரு வாக்கியம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, போனில் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். வாய்ஸ் டைப்பிங்கிலும் சோதிக்கலாம், ஒற்றை வார்த்தையாகச் சொல்லுங்கள். முழு வாக்கியம் சொன்னால் அதுவே ஊகித்துச் சரியாகப் போட்டுவிடும்.

அதுவரைக்கும் ரூம் நம்பரை "ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்லுங்கள், ரேட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.