கோலி சோடாவைக் கண்டுபிடித்தது யார்? வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் தாத்தா செல்லூரில் சோடா கம்பெனி வைத்திருந்தார். பரணில் இன்னும் சில கோலி சோடா பாட்டில்கள் கிடக்கின்றன. இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்கிறேன் நான், வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், செல்லூர்

ப: மகன் சொல்வதுதான் சரி ஐயா. லண்டனைச் சேர்ந்த ஹிராம் காட் என்பவர் 1872-இல் இந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். தக்கை வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்த மனிதர், அதனால் தக்கையின் குறை அவருக்கு நன்றாகத் தெரியும்: காய்ந்தால் சுருங்கிவிடும், கேஸ் இறங்கிவிடும். கேஸை அடைக்க வேறு பொருள் எதற்கு, கேஸே தன்னை அடைத்துக்கொள்ளட்டுமே என்று யோசித்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

பரணிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கிப் பாருங்கள். வாய்க்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக ஒரு காடி ஓடும், அதில்தான் ரப்பர் வளையம் உட்காரும். தண்ணீரும் கேஸும் ஏற்றும்போது பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் கோலி உருண்டு வந்து அந்த வளையத்தில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் நிமிர்த்தினாலும் உள்ளேயிருக்கும் அழுத்தம் அதைக் கீழே விழ விடாது. கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் ‘டொப்’. கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு குழி இருக்கிறதே, அது அழகுக்கு வைத்ததில்லை. குழி இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்த்துக் குடித்தால் கோலி அங்கேயே தங்கிவிடும், வாயை வந்து அடைக்காது. இவ்வளவு யோசனையையும் ஒரு கழுத்துக்குள் அடக்கிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர், நாம் இன்றும் பார்க்கும் பல்லு வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை எடுத்தார். அது மலிவு, ஒருமுறை திறந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். காட் பாட்டில் மேல்நாடுகளில் மெல்ல மறைந்தது. பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் நம்ம ஊர் சோடாக்கடைகளில் அது நிலைத்தது. ஆக, கண்டுபிடிப்பு லண்டன் என்றாலும் அதைக் காப்பாற்றியவர்களில் உங்கள் தாத்தாவும் உண்டு, அதை மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

கே: தையல் மெஷினைக் கண்டுபிடித்தவர் சிங்கர்தானே? எங்கள் தையல் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, திருமங்கலம்

ப: இல்லைம்மா. பெயர் சிங்கருக்குப் போனது, முக்கியமான காப்புரிமை எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கரிடம் இருந்தது. அவர் 1846-இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையின் எண் 4,750. கைத்தையல் ஊசிக்குக் காது பின்னால் இருக்கும், மெஷின் ஊசிக்குக் காது நுனிக்குப் பக்கத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை தைக்கும்போது சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: ஊசி துணிக்குள் இறங்கி, மேலே ஏறத் தொடங்கும் அந்த நொடியில் நூல் கீழே ஒரு சின்னக் கண்ணியாக விரியும், அந்தக் கண்ணிக்குள்தான் பாபின் நூல் புகுந்து போகும். மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் அந்தத் தையல் ஹோவின் காப்புரிமையில் இருக்கிறது.

சிங்கர் 1851-இல் தன் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். ஊசி நேர்க்குத்தாக ஏறி இறங்குவது, காலால் மிதிப்பது என்று வேலைக்குத் தோதான மெஷின்தான், ஆனால் அடிப்படைத் தையல் ஹோவுடையது. வழக்கு நடந்தது, 1854-இல் ஹோ ஜெயித்தார். வழக்கின்போது சிங்கர் தரப்பு வால்டர் ஹன்ட் என்பவரைத் தேடிப் பிடித்தது. அவர் 1830-களிலேயே இதே மாதிரி மெஷின் செய்தவர், ஆனால் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார், அதனால் அது எடுபடவில்லை. இதே ஹன்ட்தான் 1849-இல் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கி, அதை வெறும் 400 டாலருக்கு விற்றவர். நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

1856-இல் சிங்கர், ஹோ, இன்னும் இரண்டு கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து காப்புரிமைகளைப் பொதுவில் வைத்து, மெஷின் செய்கிற மற்றவர்களிடம் கட்டணம் வசூலித்தார்கள். ஹோவின் உரிமை 1867 செப்டம்பரில் முடிந்தது, அக்டோபரில் அவரும் இறந்துபோனார். மதுரை புது மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்களே தையல்காரர்கள், அவர்கள் மிதித்த ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஹோவின் ஊசி இருந்தது.

கே: இந்தியாவில் முதல் காப்புரிமை எதற்கு?
– ஒரு கல்லூரி மாணவர், பசுமலை

ப: பங்கா, அதாவது கூரையில் தொங்கவிட்டுக் கயிற்றால் ஆட்டும் பெரிய விசிறி, அதை இழுக்கும் இயந்திரத்துக்கு. கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் 1856 மார்ச் 3 அன்று விண்ணப்பித்தார். அந்த வருஷம்தான் இங்கே காப்புரிமைச் சட்டமே வந்தது.

கே: மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் காப்புரிமை இருக்கிறதாமே?
– ஒரு வாசகி, சிம்மக்கல்

ப: அது காப்புரிமை இல்லை, புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இந்த ஊருக்கே உரியது என்று காட்டும் பெயர் உரிமை. சுங்குடிக்கு 2005-இல் கிடைத்தது, மல்லிக்கு 2013-இல். காப்புரிமை புதிதாகக் கண்டுபிடித்ததற்குத்தான், அதற்குக் கெடுவும் உண்டு. காலங்காலமாகத் தெரிந்த ஒன்றுக்கு அது செல்லாது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று 1995-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள், நம் பாட்டிமார் பூசிய அதே மஞ்சள்! இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் 1953-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டி வாதாட, 1997-இல் அதை ரத்து செய்தார்கள். அங்கே வாயால் சொன்னால் போதவில்லை, எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது.

கே: பட்டறை வைத்திருக்கிறேன். பழைய அமெரிக்கக் காப்புரிமையில் உள்ள கடலை உடைக்கும் மெஷினைப் பார்த்து நானே செய்து விற்கலாமா? கேஸ் போடுவார்களா?
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

ப: தாராளமாகச் செய்யுங்கள். இப்போதைய சட்டப்படி காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான், அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் பொது. அதுவுமில்லாமல் காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி, அமெரிக்காவில் வாங்கியது இங்கே செல்லாது. எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் அரசாங்கம் உரிமை தரும் என்பதால், அந்தத் தாள்கள் பட்டறைக்காரருக்கு நல்ல பாடப்புத்தகம். கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் 1790-களின் தாள்கள்கூட இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் படத்தைப் பாருங்கள், படத்தில் உள்ள எண்களை வைத்து விளக்கத்தைப் படியுங்கள், கடைசியில் இருக்கும் உரிமைக் கோரிக்கைகளைக் கட்டாயம் படியுங்கள். கண்டுபிடித்தவர் எதைத் தன்னுடையது என்கிறார் என்பது அங்கேதான் இருக்கும்.

செய்யும்போது நீங்களே புதிதாக ஏதாவது மாற்றினால், அதைக் கண்காட்சியில் வைப்பதற்கும் யூடியூபில் போடுவதற்கும் முன்னால் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வெளியே தெரிந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள். தெரிந்த பாகங்களை இடம் மாற்றி வைத்தால் மட்டும் போதாது, அதைச் சட்டமே ஏற்பதில்லை. முழு வடிவம் வரவில்லையென்றால் தற்காலிக விவரத்தோடு பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். தனிநபருக்குக் கட்டணம் குறைவு. நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, ஆன்லைனிலேயே போடலாம், இதற்காக நீங்கள் பஸ் ஏற வேண்டியதில்லை.