ஷெட்டில் கிடக்கும் ஹெரால்டு: வாங்கும் முன் ஆர்.சி. யார் கையில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் பங்களா ஷெட்டில், 1966-இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருபது வருஷத்துக்கு மேலாக ஓடாமல் கிடக்கிறது. சொந்தக்காரர் காலமாகிவிட்டார். புரோக்கர் ஒன்றே முக்கால் லட்சம் சொல்கிறார். “இது விண்டேஜ் வண்டி, பேப்பர் பிரச்சினையே வராது” என்கிறார். சரிசெய்து தினமும் குன்னூருக்கு வேலைக்கு ஓட்டிப்போக ஆசை. வாங்கலாமா? - வாசகர், கோத்தகிரி.

வண்டியை வாங்கலாம். அந்தப் புரோக்கரிடம் வாங்காதீர்கள்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆர்.சி. இப்போது யார் கையில் இருக்கிறது?” உடனே பதில் வராது. “வீட்டுக்காரங்க சென்னையில இருக்காங்க, வாங்கிக்கலாம் சார்” என்பார். மலையில் இந்தத் தொழில் நடக்கிற விதமே இப்படித்தான். எஸ்டேட் கைமாறும், பங்களாவைக் காலி செய்வார்கள், ஷெட்டில் கிடப்பதைப் பழைய இரும்பு விலைக்கு ஒருவர் பேசி முடிப்பார். வண்டியைப் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடுவார். உங்களுக்கு முன்னால் இரண்டு பேருக்கு அதே வண்டியைக் காட்டியிருப்பார், முன்பணமும் வாங்கியிருக்கலாம். இறந்துபோனவரின் கையெழுத்தோடு, தேதி மட்டும் காலியாக விட்ட படிவம் 30-ஐ நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவருக்குக் கூச்சமே இல்லை.

இப்போது விண்டேஜ் கதைக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது உண்மை. முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டி 1966, தாண்டிவிட்டது, சரி. சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் ‘விஏ’ என்று எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புரோக்கர் இதுவரை சொல்லுவார். மீதியைச் சொல்ல மாட்டார். அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க இன்சூரன்ஸ் வேண்டும். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டியானால் பழைய ஆர்.சி.யும் வேண்டும். ஆக, பேப்பர் இல்லாத வண்டிக்கு விண்டேஜ் விதியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அதைவிட முக்கியம்: விண்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலைக்கு என்று எடுக்கலாம். ஆபீசுக்குப் போக அனுமதி இல்லை. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குத் தினம் பெட்ரோல் போடத்தான் போகிறேன் என்று எந்த போலீஸ்காரரிடம் சொல்வீர்கள்? உங்கள் ஆசை தினமும் ஓட்டுவது. அதனால் விண்டேஜ் வழியை மறந்துவிட்டுச் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழியில் போங்கள்.

அந்த வழி இப்படி. வாரிசுகள் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஒருவர் பெயருக்கு மாற்ற மற்றவர்கள் சம்மதம் எழுதித் தர வேண்டும். படிவம் 31 மூலம் வண்டி அவர் பெயருக்கு வரும். அதற்குப் பிறகுதான் உங்கள் பெயருக்கு 29-ம் 30-ம். ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீசில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். புதுப்பிக்க படிவம் 25. இருபது வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணமே 10,000 ரூபாய், தாமத அபராதம் தனி.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால், “கம்ப்யூட்டர்ல இந்த நம்பரே இல்லையே” என்பார்கள். இருக்காது. அந்தக் காலத்துப் பதிவெல்லாம் கைப்பட எழுதிய ரிஜிஸ்டரில் கிடக்கிறது. யாராவது அதை எடுத்துப் பார்த்து ஏற்ற வேண்டும். எனக்கு ஒரு வண்டிக்கு ஓர் அலுவலகத்தில் நாலாவது நடையில்தான் ரிஜிஸ்டர் கிடைத்தது. பீரோவுக்கு மேலே, சாக்குக்குள். மூன்று தடவை “இல்லை” என்று சொன்ன அதே ஊழியர்தான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தந்தார். இன்னொரு கூத்து: புதுப்பிக்க வண்டியை ஓடும் நிலையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதாவது, பெயர் மாறுவதற்கு முன்பே வேறொருவர் வண்டியில் உங்கள் பணத்தைக் கொட்ட வேண்டிய நிலை வரலாம். அப்படிக் கொட்டாதீர்கள். வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாறி, நம்பர் இணையத்தில் தெரியும்வரை சிறு முன்பணம், எழுத்தில் ஒப்பந்தம், அவ்வளவுதான். ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இனி வண்டி. ஹெரால்டு நம் மதராஸில் 1961 முதல் செய்த கார். 948 சிசி இன்ஜின். பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், வேலை செய்ய அவ்வளவு சௌகரியம். பாடியும் சேஸிஸும் தனித்தனி, போல்ட்டில் நிற்கும். அதனால் பாடி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேஸிஸிலிருந்து கதவுக்கு அடியில் பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகள்தான் முதலில் போகும். நம் ஊர் ஈரத்தில், மண் தரை ஷெட்டில், இருபது மழைக்காலம் நின்றிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். டங் என்றால் சரி. சதக் என்று உள்ளே இறங்கினால் விலையைப் பாதியாக்குங்கள், அல்லது திரும்பி வாருங்கள். பாடியில், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கதவின் கீழ் ஓரம், சக்கர வளைவு என்று நகர்த்துங்கள். ஒட்டாமல் விழும் இடத்தில் தகடு இல்லை, துரு ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் (putty) இருக்கிறது.

வண்டியின் எண் பொறித்த சிறு தகட்டில் இருப்பதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். துருப்பிடித்த வண்டியில் அந்தத் தகட்டின் ரிவெட் மட்டும் புதிதாக மின்னினால், அது வேறு வண்டியின் தகடாக இருக்கலாம்.

“பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன்” என்பார் புரோக்கர். விடாதீர்கள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்திருந்தால் பிஸ்டன் ரிங் உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, சில நாள் விட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்க்கைக் கழுவாமல் ஓட்டினால் கார்புரேட்டர் போகும். பிரேக் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாம் மாற்றியே தீர வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரைத் தின்றுவிடும். பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்து பாருங்கள்.

மலைப்பாதைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் இருக்கின்றன. வளைவின் நடுவில் திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், பின்பக்கம் வழுக்கும். கொண்டை ஊசிக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிவிடுங்கள்.

பங்களாவுக்குப் போகும்போது காந்தம், ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஒரு கோணிச் சாக்கு எடுத்துப் போங்கள். சாக்கு, வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்க. புரோக்கரைக் கூப்பிடாமல், வாட்ச்மேனிடம் சொல்லி வீட்டுக்காரர் நம்பரை வாங்கி, அவரிடமே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.