இறங்கிய ஈறு மறுபடி வளருமா?

கேள்வி: எனக்கு வயது 43. இடப்பக்க மேல் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பல்லும் முன்பைவிட நீளமாகத் தெரிகின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று கூசுகிறது. ரத்தம் வருவதில்லை. பல் டாக்டர் க்ளீனிங் பண்ணச் சொன்னார். பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கிராம்பு எண்ணெய் தடவினால் ஈறு வளருமா?

பதில்: பல் நீளவில்லை. அதை மூடியிருந்த ஈறு விலகி, வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கிடையாது, அதனால்தான் கூச்சம். சொத்தையும் அங்கே சீக்கிரம் பிடிக்கும்.

நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால், என் முதல் சந்தேகம் உங்கள் பிரஷ் மேல்தான். பல் வரிசை வளைந்து திரும்புகிற இடம் அது. அங்கே வெளிப்பக்க எலும்பும் ஈறும் மெலிசு. வலது கைக்காரர்கள் பலருக்கு இடப்பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம் விழும். நகத்தை ஈறோரத்திலிருந்து பல்லின் நுனி நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் மாட்டுகிறதா? பெரும்பாலும் அது குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்த்த தடம். பிரஷையும் எடுத்துப் பாருங்கள். வாங்கிய ஒரே மாதத்தில் நார்கள் இருபக்கமும் விரிந்து கிடந்தால் வேறு சாட்சி வேண்டாம். கரித்தூள், உப்பு, செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

அதற்காக ஈறு நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பல்லில் காரை (கெட்டியாகிப்போன அழுக்கு) படிந்து, உள்ளே எலும்பு கரைந்தால் ஈறும் கூடவே இறங்கும். ரத்தம் வராததை நம்பி இருக்கவும் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் ரத்தக்கசிவு அவ்வளவாகத் தெரியாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்து பார்ப்பார்கள். 3 மி.மீ. வரை சரி. அதற்கு மேல் போய், தொட்டதும் ரத்தமும் கசிந்தால் கவனிக்க வேண்டும். கூடவே சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோயும் அடங்காது.

க்ளீனிங் பயத்துக்கு வருகிறேன். பல் இடுக்குகளில் காரை சிமெண்ட் பூச்சு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும். வீக்கம் வற்றுவதால் ஈறு இன்னும் கொஞ்சம் விலகின மாதிரியும் இருக்கும். சில நாள் கூச்சமும் கூடும். பழி க்ளீனிங் மேல் விழுகிறது. ஆனால் எலும்பைக் கரைத்தது காரையில் குடியிருந்த கிருமிகள். அப்புறமும் ஆடுகிற பல், ஏற்கெனவே பிடிமானத்தை இழந்த பல்தான். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பை மாதிரி இடைவெளி இருந்தால் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டிவரும்.

கிராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். எதிலும் கலக்காமல் அப்படியே தடவினால் ஈறு வெந்து புண்ணாகலாம். போன ஈறு எந்த எண்ணெய்க்கும் பேஸ்டுக்கும் தானாக வளராது.

உங்களுக்கு நான் சொல்வது: 'சாஃப்ட்' பிரஷ். முஷ்டியாகப் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல விரல்களால் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். நாரை ஈறோரமாக 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம். எலுமிச்சை ஜூஸ் குடித்த கையோடு தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நான்கு நாளில் கைவிட்டுவிடாதீர்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் பல் நிறத்தில் அடைத்துவிடலாம்.

ஆபரேஷனும் உண்டு. அண்ணத்திலிருந்து சிறு திசுவை எடுத்து, வேரின் மேல் வைத்துத் தைப்பார்கள். இரு பற்களுக்கு இடையிலுள்ள ஈறும் எலும்பும் கெடாமல் இருந்தால் வேர் முழுதாக மூட நல்ல வாய்ப்பு. அவையும் கரைந்திருந்தால் முழுதாக மூடும் என்று எதிர்பார்க்க முடியாது. எடுத்ததுமே இதற்கு ஓட வேண்டாம் என்பேன். முதலில் டாக்டரிடம் இறக்கத்தை அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே அளவு, கூச்சமும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். அளவு கூடினாலோ, சிரிக்கும்போது உறுத்தலாக இருந்தாலோ ஈறு நிபுணரைப் பாருங்கள். நடுவில் பல் ஆடினாலோ சீழ் வந்தாலோ ஆறு மாதம் காத்திருக்காதீர்கள்.