ஒரு மீட்டர் மண்ணை எடுத்தால் போதுமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். அங்கே 25 வருடம் ஒரு நிறமி ஆலை ஓடியது. அது மூடப்பட்டு எட்டு வருடம் ஆகிறது. எங்களுக்கு வீடு கட்டும் எண்ணம். இயந்திர பாகங்களைக் கழுவிய கொட்டகைக்குப் பக்கத்தில் உள்ள பழைய போர்வெல்லில் ட்ரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 14 மில்லிகிராம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. நிலத்தின் இன்னொரு மூலையில் ஆறு இணைதிற குரோமியமும் (குரோமிய உலோகத்தின் நச்சு வடிவம்) இருக்கிறதாம். மேல்மண்ணை ஒரு மீட்டர் எடுத்துவிட்டு நல்ல மண் கொட்டலாம், ஆறு மாதம் பம்ப் ஓட்டி நீரைக் கார்பன் வடிகட்டி வழியாக விட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஆலோசகர். சோதனைக்காக இரண்டு வாரம் ஓட்டியதில் 14 என்பது 6 ஆக இறங்கிவிட்டது. நம்பி வேலையைத் தொடங்கலாமா?

பதில்: இப்போதைக்குத் தொடங்காதீர்கள். அந்த 14, 6 ஆனதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த எண்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமான கரைப்பான். தரையில் சிந்தினால் மேலே நிற்காது. மண்ணுக்குள் இறங்கும், நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே போகும், ஏதாவது களிமண் அடுக்கு தடுத்தால் அதன் மேல் படுத்துக்கொள்ளும். போகிற வழியெல்லாம் மணல் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துளிகளாகச் சிக்கியும் கிடக்கும். லிட்டர் நீரில் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் அது கரையும். குறைவாகத் தோன்றும், ஆனால் குடிநீருக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்தக் கரைதிறன் இந்த வரம்பைப் போல 2 லட்சம் மடங்கு. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் முழுக்கக் கரைந்தால், ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். கழுவுகிற கொட்டகையில் 25 வருடத்தில் எத்தனை லிட்டர் சிந்தியிருக்கும்?

இந்தத் துறையில் ஓர் அனுபவ விதி உண்டு. நீரில் உள்ள அளவு, கரைதிறனில் ஒரு சதவீதத்தைத் தாண்டினால், கரையாத கரைப்பான் பக்கத்தில் எங்கோ கிடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் 14 மில்லிகிராம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது அழுக்கான நீரை மட்டும் இல்லை, அதை அழுக்காக்கிக்கொண்டே இருக்கும் மூலத்தையும்தான்.

பம்ப் ஓடும்போது அளவு ஏன் இறங்கியது? நீர் வேகமாக ஓடுவதால் துளிகளிலிருந்து கரைய நேரம் போதவில்லை. சுற்றியிருக்கும் நல்ல நீரும் உள்ளே இழுக்கப்பட்டுக் கலந்துவிட்டது. பம்பை நிறுத்தினால் மீண்டும் ஏறும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வரம்புக்குக் கீழே வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்து பம்பை நிறுத்தினோம். மூன்றே மாதத்தில் பழைய அளவின் பக்கத்துக்கு வந்துவிட்டது. அன்று அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கிணற்றுக்காரர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அது எங்கள் ஊரின் குறையோ எங்கள் பம்பின் குறையோ இல்லை. 1994இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் பம்ப் ஓட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த 77 இடங்களை ஆராய்ந்தது. அவற்றில் 69 இடங்கள் இலக்கை எட்டியிருக்கவில்லை.

இதில் களிமண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. பல வருடங்களாகக் கரைசல் களிமண்ணுக்குள் மெல்ல ஊறியிருக்கும். மணல் அடுக்கைச் சுத்தம் செய்த பிறகு மெல்ல வெளியே கசியத் தொடங்கும். ஊறப் பத்து வருடம் என்றால், வெளியே வர அதைவிட அதிகம் ஆகலாம். ஆறு மாதத் திட்டம் என்று யார் சொன்னாலும், அவர் களிமண்ணைக் கணக்கில் எடுத்தாரா என்று முதலில் கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலைக்கு இயந்திரமே வேண்டாம். ஆலையின் பழைய வரைபடங்களைத் தேடுங்கள். அங்கே வேலை செய்தவர்களில் இரண்டு மூன்று பேரையாவது சந்தியுங்கள். கேட்க வேண்டியவை எளிமையானவை: டிரம்களை எங்கே அடுக்கினீர்கள், காலி டிரம்களை எங்கே கழுவினீர்கள், தரை கழுவிய தண்ணீர் எந்தக் குழிக்குப் போனது, எந்தக் குழாய் அடிக்கடி ஒழுகியது? வரைபடத்தில் இல்லாத ஒரு கழிவுக் குழியை, வயதான தொழிலாளி ஒருவர் நேரே நடந்துபோய்க் காலால் தட்டிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பத்து துளை போட்டாலும் கிடைக்காத தகவல் அது.

அப்புறம் கண்காணிப்புக் கிணறுகள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லவே குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு பழைய போர்வெல். நீளமாக வெவ்வேறு அடுக்குகளிலிருந்து நீர் இழுக்கும் போர்வெல், எல்லா ஆழத்து நீரையும் கலந்து ஒரு சராசரியைத்தான் காட்டும். அது காட்டும் 14, ஏதோ ஓர் ஆழத்தில் 100 ஆகவும் இருக்கலாம். குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் திறப்புள்ள குறுகிய கிணறுகள்தான் உண்மையைச் சொல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை: களிமண் அடுக்கின் மேல் கரைப்பான் தேங்கியிருக்கும் இடத்தில் யோசிக்காமல் துளையிட்டால், அது அந்தத் துளை வழியே கீழ் அடுக்குக்கும் இறங்கிவிடும். அதனால் சந்தேகப்படும் இடத்தின் விளிம்பிலிருந்து உள்ளே வாருங்கள், நடுவில் தொடங்காதீர்கள்.

மண் மாதிரியில் கரைப்பான் இருக்கிறதா என்று களத்திலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர், சூடான்-4 என்ற சாயப்பொடி துளி. கையுறை போட்டுக்கொண்டு நன்றாகக் குலுக்க வேண்டும். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, கரைப்பானில் கரையும். மண்ணில் ஒன்றும் இல்லை என்றால் குப்பியில் பொடி அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும். கரைப்பான் இருந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் ரத்தச் சிவப்பாகச் சின்ன முத்துகள் தெரியும். ஒரு முறை பார்த்தால் மறக்காது.

நீர் மாதிரி எடுப்பவர் மீதும் ஒரு கண் வையுங்கள். இந்த வகைச் சேர்மங்கள் காற்றில் பறந்துவிடும். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியை விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பி, வெயிலில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோன நீரில் நல்ல முடிவு வந்தால், அதில் மகிழ எதுவும் இல்லை. மண்ணும் அப்படித்தான். பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால், மோசமான இடம் நல்ல மண்ணில் மறைந்துவிடும். போதாததற்கு, கலக்கும்போதே கரைப்பான் ஆவியாகிவிடும்.

இனி சுத்திகரிப்பு. மூலத்தையும், அதிலிருந்து வால்போல் நீண்டு போகும் கரைசலையும் தனித்தனியாக நினையுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூலம் நீர்மட்டத்துக்கு மேலே, கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தால், அந்த இடத்தை மட்டும் தோண்டி எடுப்பது நல்ல வழிதான். நான்கு ஏக்கரிலும் ஒரு மீட்டர் எடுப்பதைவிட, கொட்டகைக்கு அடியில் ஐந்து மீட்டர் எடுப்பது பலன் தரும். எடுத்த மண் அபாயக் கழிவு என்பதை மறக்க வேண்டாம். உரிமம் உள்ள இடத்துக்கே அது போக வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணற்பாங்கான மண்ணில் ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறையும் நன்றாக வேலை செய்யும். ஆழத்தில், களிமண்ணில் என்றால் நிலத்தையே சூடாக்கும் முறை இருக்கிறது. மின்சாரத்தால் மண்ணைச் சூடேற்றினால், ட்ரைகுளோரோஎத்திலீனும் நீரும் சேர்ந்து ஏறத்தாழ 73 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். செலவு அதிகம். ஆனால் களிமண்ணுக்குள் போய் வேலை செய்யும் முறைகள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று.

வால்பகுதிக்கு நுண்ணுயிர்களை நான் விரும்புவேன். ஆக்சிஜன் இல்லாத நீரில், தாவர எண்ணெய்க் குழம்பு போன்ற தீனி கொடுத்தால், சில பாக்டீரியாக்கள் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். டீஹாலோகாக்காய்டிஸ் என்ற இனம் 1997இல் அறிவிக்கப்பட்டது. அது கடைசிவரை கழற்றி, தீங்கற்ற எத்திலீனில் கொண்டுபோய் விடும். அது அங்கே இல்லாவிட்டால் வேலை நடுவழியில் நின்று வினைல் குளோரைடு சேரக்கூடும். வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். அதற்கு அமெரிக்க வரம்பு இன்னும் குறைவு, 2 மைக்ரோகிராம். ஆகவே ட்ரைகுளோரோஎத்திலீன் குறைந்தது என்ற ஒற்றை வரி ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள், எத்திலீன் வந்ததா என்று கேளுங்கள். ஆலோசகர் சொன்ன கார்பனும் வினைல் குளோரைடைச் சரியாகப் பிடிக்காது. இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் நிலத்தில் குரோமியமும் இருப்பதுதான் முடிச்சு. கரைப்பானை ஆக்சிஜனேற்றி உடைக்கப் பல இடங்களில் பெர்மாங்கனேட் என்ற ரசாயனத்தைச் செலுத்துவார்கள். நீங்கள் அதைச் செய்யும் முன் பத்து முறை யோசியுங்கள். மண்ணில் மூன்று இணைதிற வடிவில் அசையாமல் கிடக்கும் குரோமியத்தை அது நச்சான, நீரில் ஓடக்கூடிய ஆறு இணைதிற வடிவத்துக்கு மாற்றிவிடும். நுண்ணுயிர் வழியோ எதிர்த்திசையில் போகிறது. ஆக்சிஜனற்ற அந்தச் சூழல் ஆறு இணைதிறத்தை மூன்றாக்கி மண்ணிலேயே படிய வைக்கும், கரைப்பானையும் உடைக்கும். குரோமியம் மிக அதிகமாக இருக்கும் மூலையில் மட்டும் பாக்டீரியாக்கள் தாங்காது. அங்கே முதலில் ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற ரசாயனத்தால் குரோமியத்தை அடக்கிவிட்டு மற்றதைத் தொடங்கலாம். ஆக்சிஜனற்ற சூழலில் மண்ணிலுள்ள ஆர்செனிக்கும் மாங்கனீசும் நீருக்கு வரக்கூடும், மீத்தேனும் உண்டாகும். அதனால் அவற்றையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள்.

பம்ப் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். நிலத்தின் எல்லையைத் தாண்டி அழுக்கு போகாமல் பிடித்து நிறுத்த பம்ப் நல்ல கருவி. குணப்படுத்தும் என்று மட்டும் அதை நம்பாதீர்கள்.

வீடு கட்டுவதைப் பற்றி ஒன்று. நீங்கள் யாரும் அந்த நீரைக் குடிக்காவிட்டாலும், கரைப்பானின் ஆவி மண் வழியே ஏறி, தரை விரிசல்களிலும் குழாய் நுழையும் ஓட்டைகளிலும் புகுந்து அறைக்குள் வரும். மேலே கொட்டிய ஒரு மீட்டர் நல்ல மண் அதைத் தடுக்காது. அமெரிக்காவின் லவ் கெனாலில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணால் மூடினார்கள், பிறகு அங்கே பள்ளியும் சுற்றி வீடுகளும் எழுந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மண்ணுக்குள் உள்ள வாயுவை அளந்து பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். கரைப்பானின் ஆவி இருந்தால், தளத்துக்கு அடியில் தடுப்புத் தாளும், அங்கிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் குழாயும் கட்டும்போதே வைப்பது எளிது. பிறகு வைப்பது கஷ்டம்.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே போர்வெல்லில், அதே ஆழத்தில், அதே ஆய்வகத்தில் மறுபடி சோதியுங்கள். நீர் ஓடும் திசை தெரியும்வரை சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளிலும் மாதிரி எடுங்கள். முடிவு வரும்வரை அந்த நீரைக் குடிக்கவோ அதில் சமைக்கவோ வேண்டாம் என்று கிணற்றுக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் போதுமே என்பார்கள். கொதித்தால் கரைப்பான் சமையலறைக் காற்றுக்குப் போகும், குரோமியம் பாத்திரத்திலேயே இருக்கும்.