வீட்டை அடமானம் வைத்து பைலட் ஆகலாமா, முதலில் ஒரு டிகிரி படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். பைலட் பயிற்சிக்கு 60 லட்சம் வரை ஆகும் என்கிறார்கள். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். நேராகப் பயிற்சிக்குப் போகலாமா, அல்லது பி.காம் மாதிரி ஏதாவது படித்துவிட்டுப் போகலாமா?

தம்பி, நான் இப்போது ஏ320 பயணிகள் விமானம் ஓட்டும் கோ-பைலட். சொந்த ஊர் கரூர். 2010-ல் உங்கள் இடத்தில்தான் நின்றேன். டிகிரி வேண்டாம் என்று நேராகப் பறக்கப் போனேன். அதனால் சொல்கிறேன், வீடு ஒன்றுதான் சொத்து என்றால் முதலில் டிகிரி படியுங்கள். பறப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று வருடம் தள்ளி வையுங்கள் என்கிறேன்.

அப்போது எனக்கு லைசென்ஸ் வரைக்கும் ஆன செலவு 25 லட்சம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 12,500 ரூபாய். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த அப்பாவுக்கு அன்றைக்கு மாதச் சம்பளம் 12,000. அதாவது ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மணி நேரம் இறங்கிப் பழகினால், அப்பா ஒரு மாதம் முழுக்க நெருப்பின் முன்னால் உட்கார்ந்த காசு போய்விடும். அமராவதிப் பாசனத்தில் இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றுத்தான் கட்டினோம், மீதிக்குக் கடன். இதே கணக்கை 60 லட்சத்துக்குப் போட்டால் மணிக்கு 30,000 வருகிறது. தங்குமிடம், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் பல இடங்களில் இதற்கு மேல்தான்.

செலவை எல்லோரும் விசாரிக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கியதற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவில் எத்தனை மாதம் போகும் என்று யாரும் கேட்பதில்லை. என்னைச் சாய்த்தது அதுதான். 14 மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன பள்ளி 27 மாதம் இழுத்தது. ஒரு விமானம் என்ஜின் பாகம் வராமல் ஷெட்டிலேயே கிடந்தது, பயிற்றுநர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், மழைக்காலம் முழுக்க மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பணம் மொத்தமும் முதலிலேயே கட்டியாயிற்று, அதனால் எழுந்து வரவும் வழியில்லை. ஒருவழியாக 2013 தொடக்கத்தில் லைசென்ஸ் கையில் வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 2012 அக்டோபரில், கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி நின்றுபோயிருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த பைலட்டுகளே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். 200 மணி நேரக்காரனை யார் கூப்பிடுவார்கள்?

ஊருக்குத் திரும்பி ஒரு வீட்டுத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். பெட்ஷீட், டவல் பேக்கிங்கைச் சரிபார்க்கும் வேலை, 9,000 சம்பளம். அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வாங்குபவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் டிகிரி கேட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவன், பி.காம் முடித்தவன், அந்த வேலையில் 15,000-க்குச் சேர்ந்தான். வங்கித் தேர்வு எழுதலாம் என்றால் அதற்கும் டிகிரி. என் லைசென்ஸ் விமானத்துக்கு வெளியே வெறும் பிளஸ் டூதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று இன்றைக்கும் மனதைக் குடைகிறது. விமானப் படையில் ஏஎஃப்கேட் தேர்வு வழியாக, பட்டதாரிகளை 20 முதல் 24 வயதுக்குள் பறக்கும் பிரிவுக்கு எடுக்கிறார்கள். எந்தப் பாடத்தில் டிகிரி என்றாலும் சரி, 60 சதவீதம் இருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு நம் கையிலிருந்து ஒரு ரூபாய் செலவில்லை. அரசு கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் கட்டி பி.எஸ்சி கணிதம் படித்திருந்தாலே அந்தத் தேர்வை எழுதியிருக்கலாம். தேர்வாகி இருப்பேனா, தெரியாது. எழுதக்கூட முடியாமல் வயது தாண்டிப் போனது.

வேலை இல்லாத காலத்திலும் லைசென்ஸுக்குச் செலவு இருந்துகொண்டே இருக்கும். கிளாஸ் 1 மருத்துவச் சான்றை, அதாவது சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான உடல்தகுதிச் சான்றை, வருடா வருடம் எடுக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை, அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியை, உயிரோடு வைக்க மறுபடி பறந்து காட்ட வேண்டும். 9,000 சம்பளக்காரன் இதை எப்படிச் சமாளிப்பான்? அப்புறம் டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்கான தனிப் பயிற்சி. 2016-ல் ஏ320-க்கு அதை முடிக்க அக்காவின் நகையை அடகு வைத்தோம். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். இன்றைக்கு டைப் ரேட்டிங்குக்கு 15 முதல் 25 லட்சம் வரை கேட்கிறார்கள். உங்களிடம் சொன்ன 60 லட்சத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

2017-ல் வேலை கிடைத்தது. முதல் நாள் சீருடையோடு அப்பாவுக்கு வீடியோ கால் செய்தபோது அவர் பட்டறையில் இருந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த வேலையை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2020-ல் கொரோனாவில் இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே ஓடவில்லை, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. இந்தத் தொழில் இப்படித்தான் விழுந்து எழுகிறது. நீங்கள் பயிற்சி முடித்து வெளியே வரும் வருடம் எது என்பது உங்கள் கையில் இல்லை.

கடன் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 60 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 82,600 ரூபாய். பயிற்சி நடக்கும் இரண்டு வருடம் வட்டி கட்டாமல் விட்டால் அசல் 73 லட்சத்தைத் தாண்டும், தவணை ஒரு லட்சத்தைத் தொடும். வேலை கிடைத்தால் கட்டிவிடலாம். கிடைக்கும் வரை? அந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் ஒரு பதில் இருந்தால் தாராளமாக நேராகப் போங்கள். மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவனுக்கு சீனியாரிட்டி முன்னால், கேப்டன் ஆவதும் முன்னால், அதில் வரும் காசு பெரிய காசு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விழுந்தாலும் தாங்கக்கூடிய குடும்பத்துக்கு.

டிகிரி என்றதும் பி.எஸ்சி ஏவியேஷன், பி.பி.ஏ ஏவியேஷன் என்று போய்விடாதீர்கள். அந்தப் பட்டத்தால் மட்டும் பைலட் ஆக முடியாது, லைசென்ஸுக்குத் தனியாகத்தான் பறக்க வேண்டும். விமானக் கம்பெனிகள் படுக்கும்போது அந்தப் பட்டமும் சேர்ந்து படுக்கும். விமானத்தோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைப் படியுங்கள். பி.காம் நல்லதுதான், கணிதமோ கம்ப்யூட்டரோ இன்னும் நல்லது. நான் 2013-ல் தபால் வழியில் பி.காம் சேர்ந்து, பேக்கிங் வேலை முடிந்த பிறகு இரவில் படித்து முடித்தேன். கொரோனாவில் சம்பளம் பாதியானபோது எனக்குத் தூக்கம் வந்ததற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

இந்த மூன்று வருடத்தில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முதலில், டிஜிசிஏ (லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அரசு விமானத் துறை) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 என்ற முதல் கட்ட உடல் பரிசோதனை, அதில் தேறியதும் கிளாஸ் 1. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக வந்தால் பிரச்சினை இல்லை. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். பணம் கட்டிய பிறகு இது தெரிய வந்து திரும்பிப் போனவர்களை என் பேட்ச்சிலேயே பார்த்தேன். அடுத்து லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வுகள்: நேவிகேஷன் (வழி கணக்கிடுவது), வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல் பேப்பர்கள். தேற 70 மதிப்பெண் வேண்டும். கல்லூரியில் படித்துக்கொண்டே இவற்றுக்குத் தயாராகலாம். நேவிகேஷன் கணக்குகளோடு ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்தாலே, வானத்தைப் பிடித்திருக்கிறதா சீருடையைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

21 வயதில் பயிற்சிக்குப் போனால் தாமதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே 65 வயது வரை பறக்கலாம். அப்போது பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் நேரில் போங்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர்கள், பயிற்றுநர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். காத்திருக்கும் மாணவர்களோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசுங்கள். கட்டணத்தைப் பறந்த மணிக்கு ஏற்றபடி தவணையாகத்தான் கட்டுவேன் என்று எழுதி வாங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

அப்பாவிடம் வீட்டுப் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மருத்துவச் சான்று கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பேப்பரில் தொடங்கலாம் என்று பார்ப்போம்.