ஆசிரியர் சங்கம் இன்னும் எதற்கு?

கேள்வி: சம்பள உயர்வு கேட்பதைத் தவிர ஆசிரியர் சங்கங்கள் என்ன செய்திருக்கின்றன? இனியும் அவை தேவையா?

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியர். சங்கத்தில் சந்தா கட்டுவதோடு சரி, பொறுப்பில் இல்லை. சம்பளம் கேட்கிறார்கள் என்பது உண்மை, கேட்கத்தான் வேண்டும். 1.6.2009-க்குப் பிறகு வந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் அப்போது 5,200, அதற்கு முந்தைய நாள்வரை சேர்ந்தவருக்கு 8,370 என்று வைத்தால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய சாதனை வேலைப் பாதுகாப்புதான். ஒரு காலத்தில் அரசு உதவிபெறும் தனியார் பள்ளியில் நிர்வாகி வைத்ததே சட்டம். கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறு தொகை என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1973-ல் வந்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு, கல்வி அலுவலரின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்றானது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூனில் அரசு ஊழியர் ஆனார்கள். சட்ட மேலவையில் ஆசிரியர்களே ஓட்டுப் போடும் ஆசிரியர் தொகுதி என்றே தனியாக இருந்தது. 1986-ல் மேலவையைக் கலைத்ததும் அந்த வாசலும் மூடிவிட்டது.

2003-ஐ மறக்க முடியாது. ஓய்வூதியப் பலன்களைக் குறைத்ததை எதிர்த்து ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம். ஜெயலலிதா அரசு சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன அதே வழக்கில்தான் பெரும்பாலானோர் திரும்ப வேலைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போனதும் மிச்சமிருந்த நடவடிக்கைகளும் வாபஸ். கோர்ட்டா, ஓட்டா, எது காப்பாற்றியது என்று எங்கள் ஆட்கள் இன்றும் சண்டை போடுவார்கள்.

மலையில் சங்கத்தின் அன்றாட வேலை இவ்வளவு பரபரப்பானது இல்லை. பணிப்பதிவேட்டில் விட்டுப்போன இன்கிரிமென்ட், வராத அரியர், மலைப்படி, இடமாறுதல் கலந்தாய்வில் காட்டப்படாத காலியிடம். மாவட்ட அலுவலகம் ஊட்டியில். ஒரு தாளுக்காகப் போய்வந்தால் ஒரு நாள் போச்சு, மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. அங்கே கேட்டுச் சொல்ல ஒரு பொறுப்பாளர் இருப்பது சின்ன விஷயமா?

குறையும் இருக்கிறது. சங்கங்கள் அளவுக்கு மீறிப் பிரிந்துவிட்டன. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரும் இரண்டு சங்கம்! அப்புறம், அந்த மாதிரிப் பள்ளியில் இருவரும் வேலைநிறுத்தத்துக்குப் போனால் பள்ளிக்கே பூட்டு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகும் அம்மா அன்றைக்குப் பிள்ளையை எங்கே விடுவாள்? தீர்மானம் போடுகிற மாநிலத் தலைவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

தேவையா என்கிறீர்கள். 2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள், எப்போது பணியில் சேர்ந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் ராத்திரியில் உளவியல் கேள்விகளை மனப்பாடம் செய்கிறார்கள். இதைத் தனியாளாக எந்த நீதிமன்றத்தில், எந்தக் காசில் எதிர்ப்பது?