வெளிநாட்டு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கிறோம். இதுவரை வியாபாரம் செய்யாத ஒரு நாட்டிலிருந்து மூன்றாண்டு ஆர்டர் வந்திருக்கிறது. தகராறு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று வரைவில் எழுதியிருக்கிறார்கள். அங்கே அரசியல் நிலவரமும் சரியில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நீதிமன்றப் பிரிவைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்கு முன், வாங்குபவர் உண்மையில் யார் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரைத் தடைப் பட்டியலில் (அரசுகள் பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியல்) தேடி, இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைகளை நடைமுறைப்படுத்தும் அலுவலகமான ஓஃபாக்கின் விதிப்படி, தடைசெய்யப்பட்டவர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ மொத்தம் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், அந்த நிறுவனமும் தடைக்குள் வந்துவிடும். ஒருவரிடம் 30, இன்னொருவரிடம் 20 என்றாலும் கூட்டினால் 50. நிறுவனத்தின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் பங்கோடு நிற்காமல், நிர்வாகம் யார் கையில் என்றும் பார்க்கின்றன. அதனால் கடைசி மனிதர் வரை பங்குதாரர் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு ஷிப்மென்டுக்கு முன்பும் மறுபடி சரிபாருங்கள், மூன்றாண்டில் பட்டியல் பலமுறை மாறும்.

"நாங்கள் அமெரிக்க நிறுவனம் இல்லையே" என்று விட்டுவிட முடியாது. டாலரில் பணம் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றின் வழியாகத்தான் வரும், அப்போது அமெரிக்கத் தடை விதிகளும் கூடவே வரும். பிரெஞ்சு வங்கியான பிஎன்பி பாரிபா, சூடான், ஈரான், கியூபா தொடர்பான டாலர் பரிவர்த்தனைகளுக்காக 2014-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் சுமார் 890 கோடி டாலர்.

அடுத்தது பணம். வாங்குபவர் நாணயமானவராக இருந்தாலும், அவர் நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோனால் பணம் வெளியே வராது. அந்த நாட்டு வங்கி திறக்கும் எல்.சி. (சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மட்டும் போதாது, வேறு நாட்டு வங்கி ஒன்று அதை உறுதிசெய்து தானும் பொறுப்பேற்க வேண்டும். எல்.சி.யின் காலாவதித் தேதியையும் மிக நெருக்கமாக வைக்காமல், கொஞ்சம் அவகாசம் விட்டு வையுங்கள். போரோ கலவரமோ வந்து வங்கி மூடிக்கிடக்கும்போது எல்.சி. காலாவதியானால், மறுபடி திறந்த பின் அந்த வங்கி பணம் தரத் தேவையில்லை என்று எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600-ன் 36-வது பிரிவே சொல்கிறது.

இப்போது உங்கள் நீதிமன்றப் பிரிவு. அதை நடுவர் தீர்ப்பாக, அதாவது நீதிமன்றத்துக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தகராறைத் தீர்ப்பதாக, மாற்றச் சொல்லுங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று அமல்படுத்துவதற்கான 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நடுவர் தீர்ப்பை அந்த நாடுகளில் அமல்படுத்தக் கேட்கலாம். நீதிமன்றத் தீர்ப்புக்கு அவ்வளவு பரந்த ஏற்பாடு இல்லை. வாங்குபவரின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாடு உடன்படிக்கையில் உள்ளதா என்று பாருங்கள். பிரிவில் நடுவர் அமைப்பு, சட்டபூர்வ இருக்கை (எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் நடுவர் விசாரணை நடக்கிறது என்பது), நடுவர் எண்ணிக்கை, மொழி, ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் ஐந்தும் தெளிவாக இருக்க வேண்டும். "நடுவர் அல்லது நீதிமன்றம்" என்று இரண்டையும் எழுதிவைத்தால், எங்கே போவது என்பதற்கே முதல் வழக்கு நடக்கும். வாங்குபவர் அரசு நிறுவனமென்றால், வழக்கிலும் சொத்து ஜப்தியிலும் அரசுக்குரிய விலக்குரிமையை (அரசு என்பதால் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பை) கோரமாட்டோம் என்று இரண்டையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

ஃபோர்ஸ் மஜூர் பிரிவை (போர் போன்ற, கைமீறிய நிகழ்வுகளால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனால் என்ன என்று சொல்வது) பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடான் நிலக்கடலையை ஹாம்பர்க்குக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட விற்பனையாளர் ஒருவர், இனி அனுப்ப இயலாது என்று கைவிரித்தார். ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப்போகும் வழி திறந்தே இருந்தது. தூரம் மிக அதிகம், கப்பல் கூலி ஏறத்தாழ இரு மடங்கு. செலவு ஏறியதால் மட்டும் ஒப்பந்தம் முறிந்துவிடாது என்று 1961-ல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2023 நவம்பருக்குப் பின் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் அதே முனையைச் சுற்றத் தொடங்கியபோது, பல ஏற்றுமதியாளர்களுக்கு அதே கேள்வி திரும்ப வந்தது. எனவே பாதை மாற்றம், புதிய தடை, ஏற்றுமதி உரிம மறுப்பு, பணப் பரிமாற்றத் தடை ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கூடுதல் கப்பல் கூலி யார் தலையில், எத்தனை நாளுக்குள் நோட்டீஸ், எத்தனை நாள் நீடித்தால் ரத்து செய்யலாம் என்பதும் இருக்கட்டும்.

காப்பீட்டில் ஒரு விஷயம். சரக்குக்கான வழக்கமான போர் ஆபத்துப் பிரிவு, சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான் பெரும்பாலும் பாதுகாப்பு தரும். இறங்கிக் கிடங்கில் கிடக்கும்போது குண்டு விழுந்தால் இழப்பீடு கிடைக்காது. பணம் வெளியேற முடியாமல் போவதற்கும், அரசு ஒப்பந்தத்தை முறிப்பதற்கும் அரசியல் இடர் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். நிலைமை மோசமான பிறகு கேட்டால் தரமாட்டார்கள், தந்தாலும் பிரீமியம் கட்டுப்படியாகாது. வரைவு கையில் இருக்கும்போதே விலை கேட்டு, அதை உங்கள் விற்பனை விலையில் சேர்த்துவிடுங்கள்.